உடைய வேண்டிய போல்ட்: மலைத்தோட்டத்தில் பி.டி.ஓ. ஷாஃப்ட்டைக் காப்பது

ஏற்காட்டு மண்ணில் வெளியே தெரியும் கல்லைவிட உள்ளே கிடக்கும் கல் அதிகம். சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்னும் கரும்பாறையால் ஆனது. சென்னைப் பரங்கிமலையில் இருப்பதும் இதே கல்தான். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்தக் கல்லைத்தான் கொண்டுபோனார்கள் என்பதால் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து 1893-இல் சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். இந்தப் பாறை உதிரும் விதத்தைத் தோட்டக்காரர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வெடிப்புகள் வழியே தண்ணீர் இறங்கி ஓரங்களை முதலில் மண்ணாக்குகிறது. நடுப்பகுதி உருண்டைக் கல்லாக நின்றுவிடுகிறது. மேலே பார்த்தால் கடப்பாரை இறங்கும் செம்மண். ஒரு முழம் கீழே, ஆள் நகர்த்த முடியாத உருண்டை.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்த காலத்திலிருந்து குழி வெட்டுவது மனிதக் கையின் வேலையாகவே இருந்தது. கடப்பாரை கல்லில் பட்டு ‘ணங்’ என்றதும் வெட்டுகிறவர் நிறுத்திவிடுவார். குழியை ஓரடி தள்ளிப் போடுவார். இப்போது ஆள் கிடைப்பது கடினமாகிவிட்டதால் டிராக்டரின் பின்னால் மாட்டும் குழி தோண்டும் கருவி பல எஸ்டேட்டுகளுக்கு வந்துவிட்டது. கோடை மழை ஒன்றிரண்டு பெய்ததும், ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி காப்பிக் குழிகளை ஒரே நாளில் ஒரு பிளாக் முழுக்கப் போட்டுவிடலாம். ஆனால் கல்லைத் தொட்டதும் நிறுத்தும் கை இந்தக் கருவிக்கு இல்லை. அந்த வேலையைச் செய்ய வேண்டியது ஒரு சின்ன போல்ட். இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. ரோதாங் கணவாயிலும் சோஜி லாவிலும் எல்லைச் சாலைகள் அமைப்பினர் பனி வெட்டும் இயந்திரங்களை ஓட்டுகிறார்கள். குளிர்நாடுகளில் விவசாயிகள் தங்கள் டிராக்டரின் பின்னாலேயே பனி வெட்டும் கருவியை மாட்டி வீட்டுப் பாதையைச் சுத்தம் செய்கிறார்கள். பனிக்குள் மறைந்திருக்கும் கல்லோ உறைந்த கட்டையோ சுழலும் திருகில் சிக்கினால் அங்கேயும் முதலில் உடையும்படி வைத்திருப்பது ஒரு போல்ட்டைத்தான். அங்கே கல்லை மறைப்பது பனி, இங்கே செம்மண்.

விசை போகும் வழி

டிராக்டரின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் ஆறு பல் தண்டுதான் பி.டி.ஓ. அதன் விட்டம் 35 மி.மீ.; முழு வேகத்தில் நிமிடத்துக்கு 540 சுற்று. அதில் மாட்டும் ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் யூனிவர்சல் ஜாயின்ட் (யோக் என்னும் இரண்டு கவைகளும் அவற்றை இணைக்கும் கிராஸ் என்னும் சிலுவைத் துண்டும் சேர்ந்தது); நடுவில் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளவும் குறுகவும் செய்யும் இரண்டு குழாய்கள். ஷாஃப்ட்டின் மறுமுனை கருவியின் கியர் பாக்ஸில் சேர்கிறது. குழி தோண்டும் கருவியில் கியர் பாக்ஸ் வேகத்தைச் சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, அதே அளவுக்கு முறுக்கு விசையைக் கூட்டி, கீழே தொங்கும் ஆகர் என்னும் திருகைச் சுற்றுகிறது.

35 எச்.பி. டிராக்டரின் திறன் முழுவதும் பி.டி.ஓ. வழியே போனால் 540 சுற்றில் ஷாஃப்ட்டில் ஏறும் முறுக்கு விசை ஏறக்குறைய 450 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 46 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு அது. இதை ஷாஃப்ட் தாங்கும், அதற்குத்தான் செய்திருக்கிறார்கள். ஆகர் கல்லில் பட்டுச் சட்டென்று நிற்கும் கணத்தில் நடப்பது வேறு. ஃபிளைவீல் சுழன்றுகொண்டே இருக்கிறது. அதில் தேங்கிய ஆற்றல் முழுவதும் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் எங்காவது இறங்கியாக வேண்டும். இஞ்சின் தரும் சாதாரண விசையைப்போலப் பல மடங்கு அந்தக் கணத்தில் ஷாஃப்ட்டில் ஏறும். வழியில் மிகவும் பலவீனமான இடம் எதுவோ அதுதான் போகும்: கிராஸ், யோக், கியர் பாக்ஸுக்குள் பல், டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு, கடைசியில் கிளட்ச். அந்தப் பலவீனமான இடம் எது என்பதைக் கல்லிடம் விடாமல் நாமே முடிவு செய்வதற்குத்தான் ஷாஃப்ட் இணைப்பின் குறுக்கே போடும், மிகை விசையில் வெட்டுப்பட்டு உடையும் ஷியர் போல்ட்.

வீட்டு மெயின் போர்டில் ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவைத்தால் அடுத்த முறை எரிவது மோட்டார். ஷியர் போல்ட்டிலும் கணக்கு அதேதான்.

எந்த போல்ட்

போல்ட்டின் தலையில் பொறித்திருக்கும் எண்ணைப் படிக்கப் பழகுங்கள். 4.6 என்றிருந்தால் அதன் இழுவிசைத் தாங்குதிறன் ஒரு சதுர மி.மீ.க்கு 400 நியூட்டன். 8.8 என்றால் 800. 10.9 என்றால் 1000. ஆக, ஒரே அளவுள்ள 4.6 போல்ட் இருந்த இடத்தில் 8.8 போட்டால் உடைவதற்கு இரண்டு மடங்கு விசை வேண்டும். விட்டத்தை மாற்றினாலும் இதே கதைதான்: 8 மி.மீ. துளையைப் பெரிதாக்கி 10 மி.மீ. போட்டால் வெட்டுப்படும் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். இரண்டையும் சேர்த்துச் செய்தவர் போல்ட்டை மும்மடங்கு வலுவாக்கியிருக்கிறார். அதற்குப் பின்னால் இருக்கும் கியர் பல்லை அவர் ஒரு துளியும் வலுவாக்கவில்லை.

கருவியோடு வந்த கையேட்டில் போட்டிருக்கும் விட்டம், தரம், நீளம் மூன்றையும் பெயின்ட்டால் கருவியின் சட்டத்திலேயே எழுதிவையுங்கள். கையேடு தொலைந்துவிடும், சட்டம் தொலையாது. கடையில் எண் பொறிக்காத போல்ட்டைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது 4.6-ஐவிட மட்டமாகவும் இருக்கலாம், வேறு எதற்கோ கடினப்படுத்தியதாகவும் இருக்கலாம். எது என்று உடையும்வரை தெரியாது.

மரையையும் கவனியுங்கள். 8 மி.மீ. போல்ட்டின் வழுவழுப்பான கழுத்துப் பகுதியின் பரப்பு 50 சதுர மி.மீ.; மரை வெட்டிய இடத்தில் 37-க்கும் குறைவு. முழு நீளத்துக்கும் மரை வெட்டிய போல்ட்டைப் போட்டால் வெட்டு மரையின் மேல் விழும். கால் பங்குக்கு மேல் வலு குறையும். ஒரு வேர் குறுக்கிட்டாலே உடையும். ‘இந்தக் கம்பெனி போல்ட் நிற்கவே மாட்டேன் என்கிறது’ என்ற புகாரில் பாதி இப்படி வருவதுதான். கழுத்து நீளம் சரியாக உள்ள போல்ட்டை வாங்கினால் அந்தக் கோபத்தில் கடினமான போல்ட்டுக்குப் போக வேண்டிய தேவையே வராது.

சின்ன டிராக்டர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். மலைப் பாதைகளின் குறுகலுக்கு 20 எச்.பி. மினி டிராக்டர் வசதி என்று நிறையப் பேர் வாங்குகிறார்கள், சரியான முடிவுதான். ஆனால் 45 எச்.பி.க்கென்று செய்த குழிக் கருவியை அதில் மாட்டும்போது போல்ட்டும் 45 எச்.பி.க்கு உரியதாகவே இருக்கிறது. 20 எச்.பி. டிராக்டரின் பி.டி.ஓ.வில் வரும் முழு விசையே 260 நியூட்டன் மீட்டர்தான். கல் பட்டால் அந்த போல்ட் அசையாது. டிராக்டர் பக்கம் உள்ள ஏதோ ஒன்று போகும். கருவி செய்தவரிடம் உங்கள் டிராக்டரின் எச்.பி.யைச் சொல்லி எந்த போல்ட் என்று கேளுங்கள். அவரால் பதில் சொல்ல முடியாவிட்டால் அந்தக் கருவியை வாங்காதீர்கள்.

டிரைவரைத் திட்டாதீர்கள்

தொழில்நுட்பத்தைவிட இது முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. கடினமான போல்ட் பெரும்பாலும் ஏன் உள்ளே போகிறது? டிரைவருக்குத் தெரியாததால் அல்ல. போல்ட் உடைந்தால் ஓனர் முகம் சுளிக்கிறார். மேஸ்திரி ‘எத்தனை போல்ட்டுய்யா ஒரு நாளைக்கு’ என்கிறார். சில இடங்களில் கூலியில் பிடிக்கிறார்கள். குழிக்கு இவ்வளவு என்று பேசி வந்தவருக்கு ஒவ்வொரு போல்ட்டும் கால் மணி நேரம் நஷ்டம். அவர் டூல் பாக்ஸில் 10.9 போல்ட் நாலைந்து எப்போதும் இருக்கும். மூன்றாவது போல்ட் உடைந்ததும் அதை எடுத்து மாட்டுவார். அன்று மாலைவரை எல்லாம் சுமுகமாக நடக்கும். ஓனருக்கும் மகிழ்ச்சி.

இதை மாற்றும் வழி எளிது. போல்ட் எஸ்டேட் செலவு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சரியான தரமுள்ள போல்ட்டும் நட்டும் ஒரு டப்பா டிராக்டரிலேயே இருக்கட்டும். தீர்வதற்கு முன்பே நிரப்புங்கள். நாகலூரிலோ மஞ்சக்குட்டையிலோ போல்ட் தீர்ந்துபோனால், இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போய் வாங்கி வருவதற்குள் ஒரு நாள் வேலை போகும். அந்த நிலையில் எந்த மனிதரும் கையில் கிடைத்த போல்ட்டைத்தான் மாட்டுவார். குழிக் கணக்கில் கூலி பேசியிருந்தால் போல்ட் மாற்றும் நேரத்துக்கும் ஒரு தொகை சேர்த்துப் பேசுங்கள்.

ரைட்டரிடம் ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள்: தேதி, பிளாக், எந்த வரிசை, எதில் பட்டது. உடைந்த துண்டை டிரைவர் கொண்டுவந்து கொடுத்தால் புதியது தரலாம்; துண்டைப் பார்த்தே தரமும் தெரிந்துவிடும். ஒரு பருவம் இதைச் செய்தால் தோட்டத்தில் கல் எங்கே கிடக்கிறது என்ற வரைபடம் உங்கள் கையில் இருக்கும். அடுத்த முறை சில்வர் ஓக்கோ மிளகுக் கொடிக்கான தாங்கு மரமோ வைக்கும்போது அந்த வரிசைகளை ஆள் வைத்து வெட்டலாம்.

போல்ட் உடைந்தபின்

பி.டி.ஓ.வை விலக்கி, இஞ்சினை நிறுத்தி, சாவியை டிரைவர் சட்டைப்பையில் போட்டபிறகே கீழே இறங்க வேண்டும். ஆகர் நின்றுவிட்டதே என்று ஓடும் இஞ்சினோடு கருவிக்கு அருகே போவது உயிரோடு விளையாடுவது. போல்ட் உடைந்தாலும் டிராக்டர் பக்கத்து ஷாஃப்ட் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

உடைந்த துண்டுகளைச் சுத்தியலும் பஞ்ச் கம்பியும் வைத்துத் தட்டி எடுங்கள். துளையைப் பாருங்கள். பலமுறை உடைந்த கருவியில் துளை நீள்வட்டமாகிவிடும். அதில் போடும் போல்ட் ஒவ்வொரு அதிர்விலும் ஆடி, கல்லே படாமல் களைத்து உடையும். துளை அகன்றிருந்தால் லேத் பட்டறையில் புஷ் போட்டுப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பெரிய துளைக்குப் பெரிய போல்ட் என்று போவதுதான் மேலே சொன்ன ஒன்றரை மடங்குத் தவறு. நட்டை இறுக்கமாகப் பூட்டுங்கள். லூசாக இருந்தாலும் இதே ஆட்டம்தான்.

கல்லும் இல்லை, துளையும் சரி, ஆனாலும் உடைகிறது என்றால் மூன்று இடங்களில் தேடுங்கள். ஆகரின் வெட்டுப்பல் மழுங்கியிருக்கலாம். மண் ஈரம் மிஞ்சிக் களியாக ஒட்டலாம். அப்படியென்றால் ஒரு நாள் காய விடுவதைத் தவிர வழியில்லை. டிரைவர் அதிக ஆக்ஸிலேட்டரில் பி.டி.ஓ.வைப் போடலாம். மூன்றாவதுதான் அதிகம்.

ஓட்டும் முறை

பி.டி.ஓ.வைப் போடுவது எப்போதும் ஐட்லிங்கில். கிளட்சை மெதுவாக விட்டு, ஆகர் சுழல ஆரம்பித்த பிறகு தேவையான அளவுக்கு மட்டும் ஆக்ஸிலேட்டர் ஏற்றுங்கள். குழிக் கருவிக்கு 540 சுற்று தேவையே இல்லை. சுழலும் பொருளில் தேங்கும் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், பாதி வேகத்தில் ஓட்டினால் கல்லில் மோதும் ஆற்றல் கால் பங்காகிவிடும். கல் நிறைந்த பிளாக்கில் வேகத்தைக் குறைப்பதைப்போன்ற மலிவான பாதுகாப்பு வேறில்லை. மருந்து தெளிக்கும் பம்புக்கு மட்டும் இது பொருந்தாது. இலைத்துரு நோய்க்குப் போர்டோ கலவை அடிக்கும்போது அழுத்தம் வேண்டுமென்றால் வேகமும் வேண்டும். அங்கே கல் மோதும் பேச்சும் இல்லை.

குழி போடும் இடத்தில் முன்கூட்டியே ஒருவர் கூரான இரும்புக் கம்பியை ஒன்றரை அடி அடித்துப் பார்த்துக்கொண்டே போகட்டும். மெத்தென்று இறங்கினால் சுண்ணாம்புக் குறி. நின்றால் குறி இல்லை, அல்லது ஓரடி தள்ளிக் குறி. பழைய சில்வர் ஓக் மரங்களுக்கு அருகே வேரும் இப்படித்தான் தெரியும். ஒரு ஆளின் அரை நாள் கூலி இதற்குப் போகும். வாதிடாமல் கொடுக்க வேண்டிய செலவு இது.

ஆகரை ஒரே மூச்சில் ஒன்றரை அடி இறக்கக் கூடாது. அரை அடி இறக்கி, தூக்கி, மண்ணை உதறி, மறுபடி இறக்க வேண்டும். ஈரச் செம்மண்ணில் ஒரே மூச்சில் இறக்கினால் ஆகர் திருகாணியாக உள்ளே ஏறிவிடும். ஹைட்ராலிக் லிஃப்ட் தூக்காது. அப்போது ஆக்ஸிலேட்டரைக் கொடுத்து இழுக்கப் பார்ப்பதில்தான் யோக் வளைகிறது. இஞ்சினை நிறுத்தி, பி.டி.ஓ.வை நியூட்ரலில் வைத்து, பெரிய பைப் ரெஞ்சால் ஆகரைக் கையாலேயே எதிர்ப்பக்கம் சுற்றி விடுவியுங்கள்.

சரிவைப் பற்றியும் ஒரு வரி: டிராக்டர் போகக்கூடிய சமமட்டப் பாதையிலிருந்து எட்டும் தூரம்வரைதான் இந்தக் கருவி. அதற்கு அப்பால் கடப்பாரைதான்.

கோணமும் நீளமும்

கல் ஒரே அடியில் உடைப்பதைத் தவறான கோணம் ஆறு மாதத்தில் உடைக்கும். ஒரு யூனிவர்சல் ஜாயின்ட் 30 டிகிரி வளைந்து ஓடும்போது, உள்ளே வரும் 540 சுற்று மறுபக்கம் சீராகப் போவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை 468 வரை தாழ்ந்து 623 வரை ஏறும். 15 டிகிரியில் இந்த ஏற்ற இறக்கம் 522-க்கும் 559-க்கும் இடையில் அடங்கிவிடும். முதல் ஜாயின்ட் உண்டாக்கும் இந்தத் துடிப்பை இரண்டாவது ஜாயின்ட் எதிர்த்துச் சமன்செய்ய வேண்டும். அதற்கு இரண்டு நிபந்தனைகள்: இரு முனையிலும் கோணம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், நடு ஷாஃப்ட்டின் இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். கழுவிவிட்டுக் குழாய்களை மறுபடி நுழைக்கும்போது சில வகைக் குழாய்களில் யோக்குகள் மாறி நிற்க இடமுண்டு. மாறினால் துடிப்பு சமனாகாமல் இரட்டிக்கும். கியர் பாக்ஸ் முனகும். பிரிக்கும் முன் இரண்டு குழாயிலும் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டால் போதும்.

வேலை செய்யும் நிலையில் கோணம் 15 டிகிரிக்குள் இருக்கும்படி டாப் லிங்க்கைச் சரிசெய்யுங்கள். கருவியை மேலே தூக்கினால் கோணம் கூடும். ஆகவே குழியிலிருந்து குழிக்கு நகரும்போது பி.டி.ஓ.வை நிறுத்துங்கள். ‘பத்தடிதானே’ என்று சுழலவிட்டே தூக்குகிற பழக்கம்தான் கிராஸை நாள்பட அரைக்கிறது. ரோட்டாவேட்டரும் இப்படித்தான். பள்ளத்தாக்கு வயல்களில் காய்கறிக்கு உழுகிறவர்கள் வரப்பில் திரும்பும்போது தூக்கிய நிலையில் ஓடவிடுகிறார்கள்.

நீளத்தில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஷாஃப்ட் நீளமாக இருந்தால், கருவி டிராக்டருக்கு மிக நெருங்கும் நிலையில் குழாய் முட்டிக்கொண்டு பி.டி.ஓ. பேரிங்கையும் கியர் பாக்ஸையும் குத்தும். குட்டையாக இருந்தால் கருவி விலகும் நிலையில் குழாய்கள் நுனியில் மட்டும் பிடித்து, வளைந்து, சில நேரம் கழன்றே வரும். புதுக் கருவியை முதன்முதல் மாட்டும்போதே கருவியை மெதுவாக ஏற்றி இறக்கி, மிக நெருங்கும் நிலையும் மிக விலகும் நிலையும் எவை என்று பாருங்கள். நெருங்கும் நிலையில் குழாய் முட்டுவதற்கு ஓர் அங்குலமாவது மிச்சம் இருக்க வேண்டும். விலகும் நிலையில் குழாயின் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். வெட்டவேண்டி வந்தால் உள்குழாய், வெளிக்குழாய், இரண்டு பிளாஸ்டிக் உறை ஆகிய நான்கிலும் ஒரே அளவு வெட்டி, பிசிறை அரம் வைத்துத் தேய்த்து, கிரீஸ் தடவுங்கள். ஒரே ஷாஃப்ட்டை இரண்டு டிராக்டருக்கும் மாற்றி மாற்றி மாட்டும் எஸ்டேட்டுகள் இந்த அளவை இரண்டுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஸ்லிப் கிளட்ச் உள்ளவர்களுக்கு

சில ரோட்டாவேட்டர்களிலும் கிளை நறுக்கும் கருவிகளிலும் ஷியர் போல்ட்டுக்குப் பதில் ஸ்லிப் கிளட்ச் இருக்கும். ஸ்பிரிங்கால் அழுத்திய உரசல் தகடுகள் மிகைச் சுமையில் வழுக்கிக் கொடுக்கும். வசதியானது, போல்ட் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் ஏற்காட்டு மூடுபனியில் நான்கு மாதம் சும்மா நின்ற கிளட்ச்சில் தகடுகள் துருவால் ஒட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் கிளட்ச். உள்ளே ஒரே இரும்பு. கல்லில் பட்டால் வழுக்காது. போல்ட்டாவது உடைந்து தன் நிலையைச் சொல்லும். ஒட்டிப்போன கிளட்ச் எதையும் சொல்லாது.

பருவம் தொடங்கும் முன் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு ஸ்பிரிங்கின் நீளத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எல்லா நட்டையும் சமமாக இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். தகடுகளின் விளிம்புக்குக் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு இழுங்கள். கருவியை மண்ணில் அழுத்தி வைத்து, பி.டி.ஓ.வை இரண்டு மூன்று நொடி மட்டும் ஓட்டி நிறுத்துங்கள். இஞ்சினை அணைத்துவிட்டுப் பாருங்கள்: கோடு முறிந்திருந்தால் தகடு விடுபட்டது. முறியவில்லையென்றால் பிரித்துத் துருவைத் தேய்த்தெடுக்க வேண்டும். பிறகு நட்டுகளை எழுதிவைத்த நீளத்துக்கே இறுக்குங்கள், அதற்கு மேல் ஒரு நூலளவும் வேண்டாம். தகடுகளில் எண்ணெயோ கிரீஸோ படக் கூடாது.

கிரீஸ், எண்ணெய், ஈரம்

கிராஸுக்கு எட்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை கிரீஸ். நீளும் குழாய்க்குத் தினமும். உறைக்குள் மறைந்திருக்கும் நிப்பிளைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கிராஸின் நான்கு முனைக் கப்பிலும் பழைய கிரீஸ் வெளியே எட்டிப்பார்க்கும்வரை கிரீஸ் கன்னை அழுத்துங்கள். ஒரு கப்பில் மட்டும் வரவில்லையென்றால் அதற்குப் போகும் வழி அடைத்திருக்கிறது. கப்பின் ஓரத்தில் செங்கல்பொடிபோன்ற சிவப்புத் தூள் தெரிந்தால் உள்ளே கிரீஸ் தீர்ந்து ஊசி பேரிங் துருவாக அரைபடுகிறது. ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் திருகிப் பாருங்கள். கிராஸில் ஆட்டம் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். கிராஸின் விலை யோக்கின் விலையில் சிறு பங்கு. ஆடும் கிராஸ் யோக்கின் துளையைத் தின்றுவிடும்.

கியர் பாக்ஸில் கையேடு சொல்லும் கியர் ஆயில். பெரும்பாலும் 90 நம்பர். பகலில் சூடாகி இரவில் குளிரும் கியர் பாக்ஸ், குளிரும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. ஏற்காட்டில் அந்தக் காற்று பல மாதங்கள் மூடுபனிதான். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்ந்துவிட்டது. வடித்துவிட்டுப் புதியது ஊற்றுங்கள். சமவெளியில் ஒரு வருடம் வரும் எண்ணெய் இங்கே வராது.

வேட்டியும் உறையும்

ஷாஃப்ட்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறை உடைந்தால் பெரும்பாலான இடங்களில் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். கிரீஸ் அடிக்க வசதி என்றும் சொல்கிறார்கள். இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது. ஏழரை செ.மீ. விட்டமுள்ள ஷாஃப்ட்டின் சுற்றளவு சுமார் 24 செ.மீ. ஒரு நொடியில் அது இரண்டு மீட்டருக்கு மேல் துணியைச் சுருட்டும். நாலு முழ வேட்டி முழுவதும் ஒரு நொடி. பி.டி.ஓ.வை நிறுத்தச் சொல்லிக் கத்துவதற்கே அதைவிட அதிக நேரம் ஆகும்.

கதிரடிக்கும் இயந்திரங்களில் கை இழந்தவர்களின் துயரத்துக்குப் பிறகு 1983-இல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஆனால் தோட்டத்தில் காப்பது உறைதான். உறை ஷாஃப்ட்டோடு சுற்றாமல் நிற்க அதன் சங்கிலியை டிராக்டரிலும் கருவியிலும் மாட்டவேண்டும். உறையின் பேரிங்குக்கும் கிரீஸ் உண்டு. கருவி அருகே நிற்பவருக்குத் துண்டு, தொங்கும் மேலங்கி, பறக்கும் முந்தானை எதுவும் கூடாது. உறை உடைந்தால் புது உறை வந்து சேரும்வரை அந்தக் கருவி ஓடக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை.

வாடகைக் கருவி

வேளாண்மைப் பொறியியல் துறையிடமோ தனியாரிடமோ வாடகைக்கு எடுக்கும் கருவி பெரும்பாலும் சமவெளியில் வேலை செய்துவிட்டு மேலே வருகிறது. கல்லில்லாத வண்டல் மண்ணில் கடின போல்ட் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. அதே போல்ட்டோடு இங்கே வந்தால் முதல் நாளே கியர் பாக்ஸ் போகலாம், வாடகைக்கு எடுத்தவர் தலையில் செலவு விழலாம். ஆகவே கருவி வந்ததும், வேலை தொடங்கும் முன், போல்ட்டின் தலையில் உள்ள எண்ணை நீங்களே பாருங்கள். வேறாக இருந்தால் உங்கள் டப்பாவிலிருந்து சரியானதை மாட்டச் சொல்லுங்கள். உறை, சங்கிலி, கிராஸ் ஆட்டம், கியர் ஆயில் நிறம் இவற்றையும் டிரைவர் முன்னிலையிலேயே பார்த்து, இருக்கும் குறையைப் போனில் படமெடுத்து உரியவருக்கு அனுப்பிவிடுங்கள்.

மலைப்பாதையில் ஏற்றி இறக்கும்போது ஷாஃப்ட்டைக் கழற்றி டிரெய்லரில் வைத்துக்கொள்வதே நல்லது. கழற்றாவிட்டால் பி.டி.ஓ. நியூட்ரலில் இருக்க வேண்டும். லிஃப்ட்டைப் பூட்டி, ஆகர் ஆடாமல் சட்டத்தோடு சங்கிலியால் கட்ட வேண்டும். கொண்டை ஊசி வளைவில் ஆடும் ஆகர் ஷாஃப்ட்டை வளைப்பதோடு எதிரே வரும் வண்டியையும் இடிக்கும்.

பருவம் முடிந்தபின் மண்ணைக் கழுவி, ஷாஃப்ட்டை இரண்டாகப் பிரித்து, குழாய்களின் உள்ளும் புறமும் கிரீஸ் தடவி, கூரைக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கவிடுங்கள். சேர்த்தே வைத்தால் மழைக்காலம் முடியும்போது இரண்டு குழாயும் ஒன்றாகிவிடும். அடுத்த முறை கருவியைத் தூக்கும்போது குறுக முடியாத ஷாஃப்ட் டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங்கைத்தான் குத்தும். போல்ட் டப்பாவை எண்ணி, குறைந்ததை அப்போதே வாங்கிவையுங்கள். ஸ்லிப் கிளட்ச் இருந்தால் ஸ்பிரிங்கைத் தளர்த்தியே வைத்து, பழைய நீளத்தை ஒரு தகட்டில் எழுதிக் கருவியில் கட்டிவிடுங்கள். மறுபடி இறுக்கும் வேலையைக் கோடையின் முதல் மழைக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.